அதே விதை, அதே உரம், அடி கறுத்த பழம்: நீலகிரி பாலிஹவுஸ் தக்காளியின் சத்துக் கணக்கு

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டிவந்தது. இப்படி விலை ஏறும்போதெல்லாம், மழையில் நனையாமல் பாலித்தீன் கூரைக் குடிலுக்குள் காய்க்கும் பாலிஹவுஸ் தக்காளியைப் பற்றிய பேச்சும் எழுகிறது. நீலகிரியில் கார்னேஷன் போன்ற கொய்மலர்களுக்காகப் போட்ட குடில்கள் ஏற்கெனவே நிற்கின்றன. அவற்றில் தக்காளி வைத்தால் என்ன என்று பலரும் கேட்பது இயல்பு.

அப்படி விளைந்த பழத்தைப் பற்றி இரண்டு குறைகளைக் கேட்கிறோம். பார்க்கப் பளபளப்பாக இருக்கிறது, ரசத்துக்குப் புளிப்பு ஏறவில்லை என்பது வாங்குபவரின் குறை. கோயம்புத்தூர்ப் பக்கம் அதே ரகத்தை அதே உர அட்டவணையில் வைத்தால் நன்றாக வருகிறது, இங்கே கோத்தகிரியில் வைத்தால் அடிப்பக்கம் கறுத்துப் போகிறது என்பது வளர்ப்பவரின் குறை. நோய் என்கிறார்கள், விதை சரியில்லை என்கிறார்கள், ஏதோ ஊசி போடுகிறார்கள் என்றுகூடச் சொல்கிறார்கள். சமவெளியின் மண்ணையும் தண்ணீரையும் மனதில் வைத்து எழுதிய அட்டவணையை மலைக்கு அப்படியே ஏற்றிக்கொண்டு வந்ததுதான் பல குடில்களில் இரண்டு குறைக்கும் பொதுவான காரணம். அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பழத்துக்குள் என்ன இருக்கிறது

தக்காளிப் பழத்தில் 94 முதல் 95 சதவீதம் தண்ணீர். ருசி, புளிப்பு, நிறம் எல்லாம் மீதி 5, 6 சதவீதத்துக்குள் அடக்கம். அதில் ஏறத்தாழ பாதி சர்க்கரை, குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். அடுத்து அமிலங்கள், முக்கியமாக எலுமிச்சையில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலம். பிறகு நார்ப்பொருள், தாது உப்புகள். தாது உப்புகளில் மிக அதிகம் பொட்டாசியம், அதாவது சாம்பல் சத்து.

தரத்தைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி வரும் சொற்கள் மூன்று.

1. பிரிக்ஸ்: பழச்சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருளின் அளவு. ஒரு சொட்டுச் சாற்றைக் கையடக்கக் கருவியின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். சாதாரணத் தக்காளிக்கு 4 முதல் 5 இருக்கும். செர்ரி தக்காளி 7, 8 வரை போகும்.

2. இ.சி.: தண்ணீரிலோ உரக்கரைசலிலோ உள்ள மொத்த உப்பின் அளவுகோல். உப்பு கூடக் கூட மின்சாரம் எளிதில் பாயும் என்பதை வைத்து அளப்பது. இதன் அலகு மீட்டருக்கு டெசிசீமன்ஸ். பேச்சில் வெறுமனே இ.சி. 2, இ.சி. 3 என்பார்கள்.

3. பி.ஹெச்.: அமில, கார நிலை. 7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம். தக்காளி வேருக்கு 5.5 முதல் 6.5 வரை ஒத்துப்போகும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எந்த உரமும் பழத்தில் சர்க்கரையைக் கொண்டுவந்து போடுவதில்லை. சர்க்கரையைச் செய்வது இலை. அதற்கு வேண்டியது வெயில். செய்த சர்க்கரை பழத்துக்கு எவ்வளவு போய்ச் சேரும், எவ்வளவு தண்ணீரில் அது கரையும், கூடவே எவ்வளவு புளிப்பு இருக்கும், பழச்சுவர் எவ்வளவு உறுதியாக இருக்கும் என்பவற்றைத்தான் சத்துக்கள் தீர்மானிக்கின்றன. ஆகவே "இனிப்புக்கு இந்த டானிக்" என்று விற்கப்படும் எதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

மலையில் என்ன வேறுபடுகிறது

1. மண். நீலகிரியின் மண் பொதுவாக அமிலத்தன்மை கொண்டது; பி.ஹெச். 5 ஐ ஒட்டி இருப்பது சாதாரணம். காலங்காலமாக மழை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. இந்த மண்ணில் போடும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து முடங்கிப்போகும். தேயிலைக்கு இந்த அமில மண் பிடிக்கும். தக்காளிக்குப் பிடிக்காது.

2. தண்ணீர். இதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. சமவெளி போர்வெல் நீர் பெரும்பாலும் கடின நீர். அதில் லிட்டருக்கு 80 முதல் 100 மில்லிகிராம் கால்சியம் இருப்பது அபூர்வமல்ல. அங்கே விவசாயி உரமாகக் கால்சியம் போடாவிட்டாலும், ஒவ்வொரு முறை தண்ணீர் விடும்போதும் தெரியாமலே போட்டுக்கொண்டிருக்கிறார். மலையின் ஊற்று நீரும் ஓடை நீரும் மென்னீர். சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். கால்சியம் மிகக் குறைவு. ஆகவே அதே அட்டவணை இங்கே வரும்போது அதில் எழுதப்படாத ஒரு சத்து காணாமல் போய்விடுகிறது.

3. காற்று. மூடுபனி நாட்களில் குடிலுக்குள் ஈரப்பதம் உச்சத்தில் நிற்கும். ஊட்டிக்கு மேற்கே, கூடலூர் வரை, இது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதிகம். கோத்தகிரியும் குன்னூரின் கிழக்குச் சரிவும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தச் சிக்கல். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் மாதம் மாறும்.

4. வெளிச்சமும் குளிரும். தொடர்ந்து மேகம் மூடினால் சர்க்கரை உற்பத்தி குறையும். பழைய, பாசி படிந்த பாலித்தீன் தாள் இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். நவம்பரில் நீர்ப்பனி, டிசம்பர், ஜனவரியில் உறைபனி. குடிலுக்குள் பனி விழாது என்றாலும் பாத்தி மண் குளிர்ந்துவிடும், வேர் மந்தமாகிவிடும்.

கால்சியம்: அடி கறுப்பது ஏன்

பழத்தின் காம்புக்கு எதிர்ப்பக்கம், பூ ஒட்டியிருந்த நுனி, முதலில் நீர் கோத்தது போலாகி, பழுப்பாகி, கறுத்து, தோல் போலத் தட்டையாக அமுங்கிவிடும். நுனி அழுகல் என்று இதைச் சொல்கிறோம். அழுகல் என்ற பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. கடைக்குப் போய்ப் பூஞ்சைக்கொல்லி வாங்கி அடிக்கிறார்கள். இது பூஞ்சையால் வருவதில்லை. செத்துப்போன அந்தத் திசுவின் மேல் பிறகு வேண்டுமானால் பூஞ்சை ஏறும். மருந்துச் செலவு முழுக்க வீண் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

தாவர உயிரணுக்களின் சுவர்களைப் பசைபோல ஒட்டிப் பிடிப்பது பெக்டின். அந்தப் பெக்டின் சங்கிலிகளைக் கோத்துக் கட்டும் முடிச்சு கால்சியம். பழம் வேகமாகப் பருக்கும்போது கால்சியம் போதாவிட்டால் சுவரும் உயிரணுச் சவ்வும் பலமிழந்து, உள்ளிருப்பது கசிந்து, அந்தப் பகுதி சாகிறது.

மண்ணில் கால்சியம் இருந்தாலும் பழத்துக்கு ஏன் போவதில்லை? செடிக்குள் இரண்டு வகைக் குழாய்கள் உண்டு. வேரிலிருந்து நீரை மேலே ஏற்றுவது சைலம். இலையில் செய்த சர்க்கரையை மற்ற இடங்களுக்குக் கொண்டுபோவது ஃபுளோயம். கால்சியம் பயணிப்பது சைலத்தில் மட்டும்தான் என்று சொல்லலாம். பழத்துக்கு வரும் தண்ணீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஃபுளோயம் வழியே வருகிறது. அதில் கால்சியம் மிகச் சொற்பம். போதாததற்கு, தக்காளித் தோலில் இலையில் இருப்பதுபோன்ற துளைகள் கிடையாது. மெழுகு பூசிய தோல் அது. நீரை ஆவியாக வெளியே விடுவது இலை. பழம் அதில் மிகக் கொஞ்சமே செய்கிறது. நீர் எங்கே இழுக்கப்படுகிறதோ அங்கேதான் கால்சியமும் போகும். அதனால்தான் இலையின் உலர் எடையில் 2 முதல் 4 சதவீதம் கால்சியம் இருக்கும்போது பழத்தில் 0.1, 0.2 சதவீதம்தான் இருக்கிறது. இலையில் உட்கார்ந்துவிட்ட கால்சியம் திரும்பிப் பழத்துக்கு வருவதும் இல்லை.

இதை மலைக்குப் பொருத்திப் பார்த்தால் நான்கு நிலைமைகள் ஆபத்தானவை.

1. பகல் முழுக்க மூடுபனி. இலையிலிருந்து நீர் ஆவியாகாது. வேர் நீரை இழுக்காது. செடிக்குள் வரும் மொத்தக் கால்சியமே குறைந்துவிடும்.

2. நான்கு நாள் மூடுபனிக்குப் பிறகு சட்டென்று சுள்ளென்ற வெயில். இப்போது இலைகள் எல்லா நீரையும் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். பழம் அதே நேரத்தில் வெயிலால் வேகமாகப் பருக்கும். தேவை கூடும்போது வரவு குறைகிறது. மலையில் மிக மோசமான நிலைமை இதுதான் என்பேன்.

3. வேருக்குச் சங்கடம். பாத்தி குளிர்ந்தாலோ, நீர் தேங்கினாலோ, காய்ந்தாலோ கால்சியத்தை உறிஞ்சும் இளம் வேர்நுனிகள் முடங்கும்.

4. போட்டி. அமோனியம், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் வேர் வாசலில் கால்சியத்தோடு முட்டி மோதும். இவற்றில் எது மிஞ்சினாலும் கால்சியம் பின்தங்கும்.

பாதிப்பு நேர்வது எப்போது என்பதும் முக்கியம். பூ மலர்ந்து ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள், காய் கோலிக்குண்டு அளவிலிருந்து வேகமாகப் பெரிதாகும்போதே விதி எழுதப்பட்டுவிடுகிறது. கறுப்பு கண்ணுக்குத் தெரிவது பிறகுதான். தெரிந்தபின் அந்தக் காயைக் காப்பாற்ற வழியில்லை. கிள்ளி எறிந்துவிட்டு அடுத்த கொத்தைக் கவனிக்க வேண்டியதுதான். கால்சியம் குளோரைடை 0.5 சதவீதக் கரைசலாக, அதாவது லிட்டருக்கு 5 கிராம் வீதம், தெளிப்பது உண்டு. அது இளங்காய்களின் மேலேயே படும்படி தெளித்தால் ஓரளவு பலன் கிடைக்கும். இலைமேல் தெளித்தது இலையோடு நின்றுவிடும்.

இரவில் ஒரு நல்ல காரியம் நடக்கிறது. இலைத்துளைகள் மூடிவிட, வேரின் அழுத்தம் நீரை மெல்ல மேலே தள்ளும். விடிகாலையில் இலை ஓரங்களில் முத்து முத்தாக நீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அழுத்தத்தின் அடையாளம் அது. இலை இழுக்காத அந்த நேரத்தில்தான் பழத்துக்குள் கால்சியம் கொஞ்சமாவது போகிறது. ஆனால் இதே அழுத்தம் மிஞ்சினால் பழத்தோல் வெடிக்கும். மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் நிறைய விட்டு, குடிலை அடைத்துவிட்டுப் போனால் காலையில் காம்பைச் சுற்றிக் கீறல் விழுந்திருக்கும். கடைசித் தண்ணீரைப் பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வது இரண்டுக்கும் நடுவிலான வழி. காலையில் பக்கத் திரைகளைத் தூக்கி ஈரக்காற்றை வெளியேற்றுவதும் கால்சியம் கொடுப்பதற்குச் சமம்தான். இந்த வேலைக்குச் செலவே இல்லை.

தென்னை நார்க்கழிவுப் பைகளில் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு, வருகிற கால்சியத்தை நார் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் சில வாரங்கள் நீங்கள் கொடுக்கும் கால்சியம் செடிக்குப் போவதற்கு முன் பைக்கே போய்விடும். நடுவதற்கு முன் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, வடித்து, நல்ல நீரில் அலசிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். அலசியதாக எழுதியிருக்கும் பையையும் ஒருமுறை இ.சி. மீட்டரால் சோதித்துப் பார்ப்பது நல்லது.

தழைச்சத்து: எவ்வளவு என்பதோடு எந்த வடிவம்

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிஞ்சினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்டு பருத்து, இலை சுருண்டு, கொத்துக்குக் கொத்து நிழலடித்து, பழுப்பது தள்ளிப்போகும். பழத்துக்குப் போக வேண்டிய சர்க்கரையில் புது இலைகள் வளரும்.

வடிவத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேர் தழைச்சத்தை முக்கியமாக இரண்டு வடிவங்களில் எடுக்கும்: நைட்ரேட், அமோனியம். யூரியாவும் தொழு உரமும் முதலில் அமோனியமாகி, பிறகு மண்ணிலுள்ள பாக்டீரியாக்களால் நைட்ரேட்டாக மாற வேண்டும். கோயம்புத்தூரின் வெதுவெதுப்பான, கார மண்ணில் இந்த மாற்றம் வேகமாக நடந்துவிடும். குளிர்ந்த, அமில மண்ணில் அந்தப் பாக்டீரியாக்கள் மந்தம். ஆகவே கேத்தியிலோ கூக்கல்தொரையிலோ குளிர்காலத்தில் போடும் யூரியா நெடுநாள் அமோனியமாகவே நிற்கிறது. அமோனியம் கால்சியத்தோடு போட்டியிடும் என்று மேலே பார்த்தோம். வேர் அதை உறிஞ்சும்போது பக்கத்து மண்ணை இன்னும் அமிலமாக்கும். சமவெளியில் தீங்கு செய்யாத உரம் மலையில் நுனி அழுகலை வரவழைக்கும் கதை இதுதான்.

தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் 19 சதவீதம் வீதம் உள்ளது, பலரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் 19:19:19 உரம். அதில் தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியா, அமோனியம் வடிவங்களில் இருக்கிறது. கால்சியம் துளியும் இல்லை. நாற்று வேர் பிடிக்கும் நாட்களில் அது உதவும். காய்க்கும் பருவத்திலும் அதையே தொடர்வது மலையில் செய்யும் பெருந்தவறு என்றே நினைக்கிறேன். காய்ப்பருவத்தில் மொத்தத் தழைச்சத்தில் அமோனியம் பத்து சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.

சாம்பல் சத்து: புளிப்பும் நிறமும்

ரசத்துக்கு நாட்டுத் தக்காளிதான் என்று வீட்டில் சொல்வது புளிப்பை வைத்து. ரகத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அதற்கடுத்த பங்கு பொட்டாசியத்துக்கு. பழத்தில் பொட்டாசியம் கூடும்போது அமிலத்தன்மையும் கூடுகிறது. இனிப்பு மட்டும் இருந்து புளிப்பு இல்லாத தக்காளி நாக்கில் சப்பென்றுதான் இருக்கும்; இரண்டும் சேர்ந்து உயரும்போதுதான் "தக்காளி" ருசி வருகிறது. இலையிலிருந்து சர்க்கரையை ஃபுளோயத்தில் ஏற்றவும் பொட்டாசியம் வேண்டும்.

பொட்டாசியம் குறைந்தால் பழம் ஒரே சீராகச் சிவக்காது. காம்பைச் சுற்றியுள்ள தோள்பகுதி மஞ்சளாக, கெட்டியாக நின்றுவிடும். வெட்டினால் உள்ளே வெள்ளைச் சதை. குளிருக்கும் இதில் பங்கு இருப்பதைச் சொல்ல வேண்டும்: பழத்துக்குச் சிவப்பு தரும் லைகோபீன் 16 முதல் 26 டிகிரி வரை நன்றாக உருவாகும், 12 டிகிரிக்குக் கீழே தடைபடும், 30 டிகிரியைத் தாண்டினாலும் தடைபட்டு மஞ்சள், ஆரஞ்சு நிறம் மேலோங்கும். ஜனவரியில் நிறம் வராததற்கெல்லாம் உரத்தையே குறை சொல்ல முடியாது.

செடி வளரும் பருவத்தில் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் ஏறத்தாழ சமமாக இருக்கலாம். மூன்றாவது, நான்காவது கொத்து காய் பிடித்ததும் சாம்பல் சத்து ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டும். அதற்காக அள்ளிக் கொட்டினால் கால்சியமும் மெக்னீசியமும் அடிபடும். ருசிக்காகப் பொட்டாஷ் கூட்டி, நுனி அழுகலை வாங்கிக்கொள்வது மென்னீர் உள்ள ஊர்களில் எளிதாக நடக்கும்.

ஒரு தொட்டிக் கணக்கு

மென்னீர், நார்க்கழிவுப் பை, காய்ப்பருவம் என்று வைத்துக்கொள்வோம். உரப்பையில் உள்ள 13:0:45 போன்ற எண்கள் மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் ஆக்ஸைடாகச் சொல்பவை; இங்கே தருவது தனிமக் கணக்கு, லிட்டருக்கு மில்லிகிராமில். 1000 லிட்டர் பாசன நீரில்:

1. கால்சியம் நைட்ரேட் 800 கிராம். இதில் 18.8 சதவீதம் கால்சியம், 15.5 சதவீதம் தழைச்சத்து. லிட்டருக்கு 150 மில்லிகிராம் கால்சியமும் 124 மில்லிகிராம் தழைச்சத்தும் கிடைக்கும்.

2. பொட்டாசியம் நைட்ரேட், அதாவது 13:0:45, 400 கிராம். பொட்டாசியம் 149, தழைச்சத்து 52.

3. பொட்டாசியம் சல்ஃபேட், 0:0:50, 250 கிராம். பொட்டாசியம் 104, கந்தகமும் சேரும்.

4. மோனோ பொட்டாசியம் பாஸ்ஃபேட், 0:52:34, 180 கிராம். பொட்டாசியம் 51, மணிச்சத்து தனிமமாக 41.

5. மெக்னீசியம் சல்ஃபேட் 450 கிராம். மெக்னீசியம் 43.

கூட்டினால் தழைச்சத்து 176, பொட்டாசியம் 304, கால்சியம் 150. இந்த உப்புகள் தரும் இ.சி. சுமார் 2. இதோடு நுண்சத்துக் கலவை தனி. பதிலாக ஒரு கிலோ 19:19:19 போட்டிருந்தால்? தழைச்சத்து 190, பொட்டாசியம் 158, கால்சியம் பூஜ்யம், மெக்னீசியம் பூஜ்யம். கடின நீர் அந்த இரண்டு பூஜ்யங்களையும் ஓரளவு நிரப்பிவிடும். மலைநீர் நிரப்பாது. கோயம்புத்தூரில் தேறிய அட்டவணை கோத்தகிரியில் தேறாததற்கு இந்த இரண்டு எண்களே போதுமான விளக்கம்.

இங்கே இரண்டு கவனங்கள். முதலாவது, செறிவான தாய்க்கரைசல் தயாரிக்கும்போது கால்சியம் நைட்ரேட்டைத் தனித் தொட்டியில்தான் வைக்க வேண்டும். சல்ஃபேட்டோடு சேர்ந்தால் ஜிப்சமாக, பாஸ்ஃபேட்டோடு சேர்ந்தால் கால்சியம் பாஸ்ஃபேட்டாக, வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்து சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவானை அடைக்கும். இரண்டாவது, சமவெளியில் கரைசலில் அமிலம் சேர்ப்பது வழக்கம். அங்கே நீரைக் காரமாக்கும் பைகார்பனேட்டை அடக்க அது வேண்டும். மென்னீரில் பைகார்பனேட் சொற்பம். அங்கே செய்வதுபோல இங்கேயும் அமிலம் ஊற்றினால் பி.ஹெச். நான்குக்கு அருகில் சரிந்து வேர் கருகிவிடும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு சொட்டு அமிலமும் சேர்க்கக் கூடாது.

பாத்தி மண்ணில் வளர்ப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. முதலில் மண் பரிசோதனை, பிறகு அதன்படி நடவுக்குச் சில வாரம் முன்பே டோலமைட் அல்லது விவசாயச் சுண்ணாம்பு. டோலமைட்டில் மெக்னீசியமும் இருப்பதால் மலை மண்ணுக்கு அது மேல். மக்கு நிறைந்த மண் பி.ஹெச். மாற்றத்தை எதிர்க்கும் என்பதால் பக்கத்துத் தோட்டத்துக்குப் போட்ட அளவு நமக்கு உதவாது.

உப்பைக் கூட்டினால் ருசி கூடுமா

கூடும். கரைசலின் இ.சி.யை 2 இலிருந்து 4, 5 என்று உயர்த்தினால் வேருக்கு நீரை இழுப்பது கடினமாகும். பழத்துக்குள் போகும் தண்ணீர் குறையும். சர்க்கரையின் வரவு அந்த அளவுக்குக் குறையாது. ஆகவே பிரிக்ஸ் உயரும், புளிப்பும் உயரும். விலையாகக் கொடுப்பது பழத்தின் அளவை. பொதுவான கணக்கு: வேர் மண்டல மண்சாற்றின் இ.சி. 2.5 ஐத் தாண்டினால் அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. கூடவே நுனி அழுகலும் தலைதூக்கும், ஏனென்றால் கால்சியம் வருவதும் அந்தத் தண்ணீரோடுதான். செர்ரி வகைகளில் நுனி அழுகல் அரிது. நீள வடிவப் பழங்களில் அதிகம். உப்பைக் கூட்டிப் பார்க்க விரும்புபவர் செர்ரியில் தொடங்கலாம்.

வானிலையோடு சேர்த்து இதைக் கையாள்வதுதான் சாமர்த்தியம். மூடுபனி நாட்களில் இ.சி.யைக் கொஞ்சம் உயர்த்தி, தண்ணீரைக் குறைக்கலாம். பழம் வெறும் நீர்ப்பையாகாது. வெயில் வந்ததும் இறக்கிவிட வேண்டும். வாரம் முழுக்க ஒரே அட்டவணை என்பது மலை வானிலைக்குப் பொருந்தாது.

ருசியில்லாத பழத்தின் காரணம் இங்கே ஓரளவு வெளிப்பட்டுவிடுகிறது. கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் மண்டிகளில் விலை எடைக்கும் அளவுக்கும் தோற்றத்துக்கும்தான். பிரிக்ஸ் 6 என்று சொல்லி யாரும் கூடுதலாக ஒரு ரூபாய் தருவதில்லை. விளைச்சலில் பத்து, இருபது சதவீதத்தை விட்டுக்கொடுத்து ருசியைக் கூட்டும்படி விவசாயியிடம் கேட்பதற்கு நமக்கு உரிமையில்லை. ஓட்டலுக்கோ விடுதிக்கோ நேரடியாக விற்று, ருசிக்கு விலை பேச முடிகிறவருக்கு மட்டுமே இது கட்டுப்படியாகும்.

பழைய கார்னேஷன் பாத்திகளில் தக்காளி வைப்பவர்களுக்கு உப்பு வேறு வழியிலும் வரும். திறந்த வெளியில் மழை மிச்ச உரத்தை அலசிவிடும். கூரைக்குக் கீழே பல ஆண்டுகள் போட்ட உரம் அங்கேயே தங்கும். நடவுக்கு முன் மண்ணின் இ.சி. பார்த்து, கூடுதலாக இருந்தால் நல்ல நீரால் அலசி வடிய விட வேண்டும்.

சுருக்கமாக மற்றவை

மெக்னீசியம் குறைந்தால் அடியிலைகளில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் தெரியும். பழத்தில் நேரடி பாதிப்பு குறைவு. இலை வேலை செய்யாததால் சர்க்கரை குறையும். மணிச்சத்து மண்ணில் இருந்தும் குளிரில் வேர் எடுக்காது. இலையின் அடிப்புறம் ஊதா நிறமாகும். அதைப் பார்த்துவிட்டு மேலும் மணிச்சத்து போடாமல், மண் கொஞ்சம் சூடாகும் வரை பொறுக்கலாம். போரான் குறைந்தால் மகரந்தம் சரியாக முளைக்காமல் காய் பிடிப்பு குறையும். தோல் கீறலும் வரும். ஆனால் அதன் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகச் சிறியது, கைக்கணக்கில் போடக் கூடாது.

இயற்கை உரத்தில் வளர்த்தால்

கணக்கு மாறாது, வேகம் மாறும். மண்புழு உரம், பஞ்சகவ்யம், மீன் அமிலம் எதிலிருந்தும் சத்து வெளிவர நுண்ணுயிர்கள் வேலை செய்ய வேண்டும். குளிரில் அது தாமதமாகும். மக்கு உரத்தை நடவுக்கு வெகு முன்பே இட்டு, டோலமைட்டை அதற்கும் முன் இட்டுவிட்டால் செடி கேட்கும்போது நைட்ரேட்டும் கால்சியமும் தயாராக இருக்கும். நொறுக்கிய முட்டை ஓடு நல்ல கால்சியம்தான். கரைவதற்கு நெடுநாள் எடுக்கும். இந்தப் பருவத்து நுனி அழுகலுக்கு அது மருந்தாகாது.

வாங்குபவர் செய்யக்கூடியது

இவ்வளவும் சரியாக நடந்த பழத்தையும் கடைசி இரண்டு நாளில் கெடுக்க முடியும். நிறம் திரும்பத் தொடங்கியதுமே பறித்த பழத்துக்குச் செடியிலிருந்து வரும் சர்க்கரை அன்றோடு நின்றுவிடும். வீட்டுக்கு வந்தபின் ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த இழப்பு: 12 டிகிரிக்குக் கீழே தக்காளியின் மணப்பொருட்கள் உருவாவது தடைபடுகிறது, வெளியே எடுத்துவைத்தாலும் முழுதாகத் திரும்பாது. ஜனவரி இரவில் ஊட்டியில் பல வீட்டுச் சமையலறைகளே அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும். அந்த மாதங்களில் தக்காளிக் கூடையை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து அடுப்புக்குப் பக்கத்துச் சுவர் ஓரமாக வைத்தால் போதும்.